குன்னம் பக்கம் ஒரு வாளி காட்டு நெல்

கடந்த டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை குன்னம் வரை போய் வந்தேன். போனது ஒரு கைப்பிடி நெல்லுக்காக. கடையிலோ களத்திலோ கிடைக்கிற நெல் இல்லை. ஏரி வாய்க்காலில் யாரும் விதைக்காமல் முளைத்து, யாரும் அறுக்காமல் தானே கொட்டிப் போகிற காட்டு நெல். இதைத் தேடிப் போக ஆசைப்பட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்காக நேரம், செலவு, தூரம் எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சிக்கு அருகே ஒரு நெல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். அரிசியின் தரம் பார்ப்பது என் வேலை. நீளம் அகலம் அளப்பேன், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே வெள்ளை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு வேகவைப்பேன். வெந்தது எவ்வளவு நீண்டது, வெடித்ததா, ஆறிய பிறகு விறைக்கிறதா, ஒட்டுகிறதா என்று எழுதி வைப்பேன். சோறு பொங்கிச் சம்பளம் வாங்குகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். வீட்டில் பொங்குவதற்குத்தான் சம்பளமும் இல்லை, கேலியும் இல்லை.

நாம் பயிர் செய்கிற நெல்லுக்குக் காட்டு உறவுகள் உண்டு. பார்வைக்கு ஒன்றும் சிறப்பில்லை. குட்டை மணி, சிவப்புத் தோல், நுனியில் விரல் நீளத்துக்கு வால், பழுத்ததும் காற்றுப் பட்டாலே உதிர்ந்துவிடும். பூச்சியையும் வறட்சியையும் தாங்குகிற குணத்துக்காகத்தான் இவற்றைப் பயிர் நெல்லோடு கலக்கப் பார்ப்பார்கள். அரிசி என்ற அளவில் இவற்றை மதிக்கிறவர்கள் குறைவு. நானும் மதித்ததில்லை. பல இடங்களிலிருந்து வந்த காட்டு நெல்லை வேகவைத்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் குண்டூசித் தலை போல அப்படியே கிடக்கும்.

போன வருஷம் குன்னம் பக்கத்து ஏரி ஒன்றில் நானே சேகரித்து வந்தது மட்டும் வேறு மாதிரி இருந்தது. நாற்பது மணியை உமி நீக்கிப் பார்த்தேன். சிவப்புத் தோலுக்குள்ளே கண்ணாடி மாதிரி அரிசி, வெள்ளை வயிறு ஒன்றில்கூட இல்லை. வேகவைத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டது, வெடிக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்து விரலால் அழுத்தியபோதும் மெதுமெதுவென்று இருந்தது. எங்கள் துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, மீதி நெல்லை முளைக்க வைத்து நல்ல ரகம் ஒன்றோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மீதி நெல்லை நான்தான் தொலைத்தேன். விதை நெல் என்றால் முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பு கரைத்த தண்ணீரில் கொட்டுவோம். மிதப்பது பதர், வழித்து எறி. மூழ்குவது விதை, எடுத்து வை. இருபது வருஷமாக என் கை இதைச் செய்கிறது, மூளையைக் கேட்பதில்லை. காட்டு நெல்லின் உமி முழுக்க ரோமம், நுனியில் நீண்ட வால், இடையில் காற்று பிடித்துக்கொள்ளும். நல்ல விதையே மிதக்கும். மிதந்ததை எல்லாம் வழித்துத் தொட்டியில் ஊற்றிக் குழாயையும் திறந்துவிட்டேன். மூழ்கியது பதினொரு மணி, ஒன்றும் முளைக்கவில்லை. தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "டிசம்பர்ல மறுபடி கதிர் வரும்ல, போய் எடுத்துட்டு வாங்க" என்றார். திட்டியிருந்தால் அந்த வருஷம் எனக்குச் சீக்கிரம் கழிந்திருக்கும்.

இனிப் பயணம். காலை ஆறு பத்துக்குச் சமயபுரம் டோல்கேட்டில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். நாற்பத்தெட்டு ரூபாய், ஏழு இருபத்தைந்துக்கு இறக்கிவிட்டார்கள். மார்கழிக்கு முந்தைய குளிர், ஜன்னல் ஓரம் உட்காருகிறவர்கள் காதுக்குத் துணி வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூரில் பொங்கல், வடை ஐம்பத்தைந்து ரூபாய். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகவில்லையா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். அது வேறு திசை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

எட்டு மணிக்குக் குன்னம் வழியாகப் போகிற டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நெல்லைத் தேடி வந்தவள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டாளோ என்று சந்தேகம் வரும், கவலைப்பட வேண்டாம். ஏரிக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் மட்டும்தான் நெல் இருக்கும். எட்டு ஐம்பதுக்குக் குன்னம். அங்கிருந்து ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்று முப்பது ரூபாய். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், படித்து முடிக்கும்போது காரணம் தெரியும்.

ஏரிக்கு வந்ததும் நேரே அந்த இடத்துக்கு நடந்தேன். போன வருஷம் வாய்க்கால் ஏரியில் கலக்கிற மூலையில் காட்டு நெல் இடுப்பளவு புதராக நின்ற இடம், இப்போது சீவி எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. கரை உயர்ந்திருந்தது, தண்ணீர் தளும்பியது, ஊருக்கு நல்லதுதான். எனக்குத்தான் அழுகை வந்தது. கரையைச் சுற்றி ஒரு முறை நடந்தேன், நாற்பது நிமிஷம். ஒரு குத்து நெற்செடிகூட இல்லை.

கரை முனையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். அங்கே டிராக்டரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் பெயர் அன்பழகன். என் முகத்தைப் பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார்.

"எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா மேடம்? கீழயே பாத்துக்கிட்டு சுத்துறீங்க."

வாய்க்கால் மூலையில் நின்ற நெல் என்று சொன்னேன்.

"அந்த வாய்க்கா முக்குலயா? அதெல்லாம் சித்திரையிலயே வாரியாச்சுங்க. நல்ல கருப்பு வண்டலு. தாலுக்கா ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கி ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"அந்த மூலை மண்ணு மட்டும் யாரு வயலுக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"அது தனக்கொடி அக்காவுக்கு. ஆறு லோடு, நாந்தான் அடிச்சேன். ஏங்க?"

"அவங்க வயல்ல என்ன போட்டிருக்காங்க? பருத்தியா, சோளமா?"

"நெல்லுங்க."

எழுந்தே நின்றுவிட்டேன். காட்டு நெல் விதை மண்ணுக்குள் உறங்கும். பருத்திக் காட்டில் கொட்டியிருந்தால் அத்தோடு முடிந்தது. நெல் வயலில் தண்ணீர் நின்றால் எழுந்துவிடும். அன்பழகன் அந்தப் பக்கம்தான் போகிறார் என்றதும் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். கிழக்கே ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம், டீசலுக்கு நூறு ரூபாய். இடுப்பு வலி உள்ளவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பத்தே முக்காலுக்கு வயல். ஒன்றரை ஏக்கர், பூப்பிடிக்கிற பருவம். ஐந்து பெண்கள் வரிசையாக இறங்கிக் கலவன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கலவன் என்றால், விதை நெல்லுக்காக வளர்க்கிற விதைப்பண்ணையில் கலந்து முளைத்த வேறு நெல்லோ களையோ. அவர்கள் பொறுக்குவது எதை என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. என் கையில் நோட்டு, தோளில் பை, டிராக்டரில் வந்து இறங்கிய தோரணை. நடுவில் நின்ற பெண் சேற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்குன்னுதானே சொன்னாங்க? இன்னைக்கே வந்துட்டீங்களே!"

விதைச்சான்று அலுவலர் என்று நினைத்துவிட்டார். இல்லைங்க, நான் வேறு என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் தனக்கொடிக்கு மூச்சு வந்தது. நாற்பது வயது இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு வயலாய்வு. அலுவலர் கதிர்களை எண்ணிப் பார்ப்பார். விதை நெல் பண்ணைக்குக் காட்டு நெல் ஆகவே ஆகாத களை. அனுமதித்த அளவுக்கு மேலே கண்ணில் பட்டால் மொத்தப் பண்ணையும் தள்ளுபடி.

"எங்க வூட்டுக்குன்னு நெலம் வந்தே மூணு வருஷந்தாங்க. அதுக்கு முன்ன இதே வயல்ல கூலிக்கு நட்டவதான் நான். இது என் பேருல எழுதுன மொத பண்ணை. மண்ணு நல்லாருக்குன்னு ஆசப்பட்டு நானே காசு குடுத்து அடிச்சேன். அதுக்குள்ள இந்த மீசைக்காரன் ஒளிஞ்சிருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

மீசைக்காரன் என்பது அவர்கள் வைத்த பெயர், வாலைப் பார்த்து. வரப்பில் மீசைக்காரர்கள் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். நான் தேடி வந்தது அதேதான், சந்தேகமே இல்லை. ஓடிப்போய் ஒரு மணியை நகத்தால் நசுக்கினேன். பால் வந்தது. முற்றவில்லை. காலையிலிருந்து வெயிலில் கிடந்து வேரும் காய்ந்திருந்தது. எதற்கும் ஆகாது.

கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "ஒரு ஓரத்துல பத்துக் குத்து மட்டும் விட்டு வைக்க முடியுங்களா? முத்துனதும் நானே வந்து எடுத்துக்கறேன்."

"நாளைக்கு வர்றவரு அந்த ஓரத்துக்கு வரமாட்டாரா?"

வருவார்தான். அதுவும் தவிர, காட்டு நெல்லின் மகரந்தம் பக்கத்துக் கதிரில் ஏறும், கொட்டினால் அடுத்த வருஷமும் முளைக்கும். கேட்டிருக்கவே கூடாது. ஆராய்ச்சிக்காக என்று சொன்னாலும் நான் அப்படிக் கேட்டது தப்புதான்.

சும்மா நிற்காமல் வரப்பில் நடந்தேன். அப்போது பார்த்தேன். பெண்கள் பொறுக்கி முடித்த பகுதியின் நடுவில், ஆறு குத்து. கதிர் இன்னும் வெளியே வரவில்லை, தொண்டையில் இருந்தது. அதனால் மற்றவர் கண்ணுக்குப் பயிராகவே தெரியும். எனக்கு அடித்தண்டின் ஊதா நிறமும் பக்கவாட்டில் சாய்ந்து விரிகிற விதமும் போதும். ஆறும் அப்படியே நின்றால் இன்னும் ஒரு மாதத்தில் முற்றும். நான் வந்து கதிருக்குக் காகித உறை கட்டி எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு வருகிறவருக்கும் ஒருவேளை தெரியாமல் போகலாம். பெயர்த்து எடுப்பதா என்றால், தொண்டைக் கதிரில் வேரை அசைத்தால் கதிர் பதராகப் போக வாய்ப்பு அதிகம். போன வருஷத்துத் தவறு திருத்தப்பட்டு என் கண் முன்னால் நிற்கிறது, நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது.

மூடிக்கொண்டுதான் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணிக்குச் சாப்பாடு. மோட்டார் கொட்டகை நிழலில் என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். ரேஷன் அரிசிச் சோறு, முருங்கைக்கீரைக் குழம்பு, கடித்துக்கொள்ளப் பச்சையாகச் சின்ன வெங்காயம். தூக்குவாளியிலிருந்து சோறு கட்டியாக விழுந்தது. பழக்க தோஷம், நான் விரலால் பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். தனக்கொடி கவனித்துவிட்டார்.

"காலையில ஆறு மணிக்கு வடிச்சது மேடம். இந்நேரத்துக்கு வெரைச்சுத்தான் போவும். ஆமா, அந்த மீசைக்காரன்ல அப்படி என்னதான் இருக்கு?"

சொன்னேன். வெந்தால் நீளும், வெடிக்காது, ஆறினாலும் விறைக்காது, அந்தக் குணத்தை நல்ல நெல்லுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறோம், பத்து வருஷம்கூட ஆகலாம்.

"அப்ப வயக்காட்டுக்கு எடுத்தாந்தாலும் மத்தியானம் மெத்துனு இருக்கும்னு சொல்லுங்க."

இத்தனை வருஷம் இதே குணத்துக்கு நான் நோட்டில் எண் போட்டிருக்கிறேன். அது யாருடைய மத்தியானச் சோறு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எதிரே ஐந்து பெண்கள் விறைத்த சோற்றைக் குழம்பு ஊற்றி இளக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டை வைத்துவிட்டு, "அந்த நடுப்பக்கத்துல ஆறு குத்து இருக்குங்க" என்று கையைக் காட்டினேன்.

தனக்கொடி கை கழுவிவிட்டு என்னோடு இறங்கினார். குனிந்து ஒரு குத்தின் அடியைப் பிரித்துக் காட்டினேன், உற்றுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கொட்டகையிலிருந்து மண்வெட்டியும் ஒரு பழைய பெயின்ட் வாளியும் எடுத்து வந்தார். ஆறையும் சேற்றோடு கட்டியாகப் பெயர்த்து, இலையைப் பாதிக்கு நறுக்கி, வாளியில் நெருக்கி வைத்தோம். அதன் பின் மூன்று மணி வரை எல்லோருமாக வரிசை வரிசையாக மறுபடி நடந்தோம். இன்னும் நான்கு கிடைத்தன. வாளியில் இடமில்லை. அவற்றை நானே பிடுங்கிக் குவியலில் போட்டேன்.

மூன்றரைக்கு மெயின் ரோட்டில் அரியலூர் பஸ், வாளிக்கும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். "என்னக்கா, டிசம்பர்ல நாத்தா?" என்று கண்டக்டர் சிரித்தார். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில் வாளி முழுக்க வெள்ளைத் தூசி. அரியலூர் ஸ்டேஷனில் குழாயடியில் இலைகளைக் கழுவினேன். ரயில் ஐந்தே முக்காலுக்கு வந்தது. டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். நிற்கத்தான் இடம், வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்ரீரங்கத்தில் இறங்கி ஆட்டோவுக்கு எண்பது. மொத்தச் செலவு ஐந்நூறுக்குள்.

மறுநாள் பதினோரு மணி சுமாருக்குத் தனக்கொடியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "பாஸ் மேடம், பாஸ்!" பின்னால் யாரோ கைதட்டுகிற சத்தம். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன், இரண்டு தடவை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர் நடுவில் போனால் பால் பிடித்த கதிர்தான் கிடைக்கும், கடைசி வாரமே சரி. பழுக்கும் முன்பே கதிருக்குக் காகித உறை கட்டிவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்து வெறும் காம்புதான் மிஞ்சும். ஏரியில் எடுப்பதற்கு ஊராட்சியிலும், வயலில் எடுப்பதற்கு அந்த வயல்காரரிடமும் முதலில் கேளுங்கள். காட்டு நெல்லின் வால் துப்பட்டாவிலும் சாக்ஸிலும் ஒட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் உதறிப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், செருப்பை அங்கேயே கழுவுங்கள். நமக்கு அது ஆராய்ச்சி, அடுத்த வயல்காரருக்கு அது தள்ளுபடி. ஊர்ப் பெயரை நான் சொல்லாததற்கும் இதுதான் காரணம். விதைப்பண்ணை வைத்திருக்கிற ஊருக்குக் காட்டு நெல் ஊர் என்று பெயர் வாங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆறு குத்தில் இரண்டு பட்டுப்போயின. இரண்டில் கதிர் வந்து வெறும் பதர். மீதி இரண்டும் ஆய்வுக்கூட மாடியில், வலைக்கூண்டுக்குள், ஜனவரி மூன்றாம் வாரம் முற்றின. நூற்று நாற்பது மணி. தலைவர் ஒவ்வொன்றாக எண்ணி உறையில் போட்டுத் தேதி எழுதினார். இந்த முறை அவர் தண்ணீர்ப் பக்கமே என்னைப் போக விடவில்லை.

அன்று சாயங்காலம் தனக்கொடிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நூத்தி நாப்பதா? ஒரு வாய்க்குக்கூட ஆவாதே!" என்று சிரித்தார். அறுவடை முடிந்து விதை நெல்லை ஏற்றி அனுப்பியாயிற்று என்றார். பிறகு, "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன் மேடம். அந்த ஆறு குத்தையும் நீங்க சோத்துக்கு உக்கார்றதுக்கு முன்னயே பாத்துட்டீங்கதானே?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"தெரியும். வரப்புல நடந்துக்கிட்டிருந்தவங்க ஒரு எடத்துல அப்படியே நின்னுட்டீங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாப்போம், சொல்றீங்களான்னு இருந்தேன். சொல்லலன்னா நானே எறங்கித் தேடிப் புடுங்கி வரப்புல போட்டிருப்பேன். வாளி குடுத்திருக்க மாட்டேன்."